செக்றோலில் ஏறிய பேரும் ஏறாத உழைப்பும்: காலனித்துவ மலையகத்தில் ஆண் வேலை, பெண் வேலை

பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையில் எடுத்த குடிசன மதிப்பீடுகளின் தொழில் அட்டவணைகளைப் புரட்டுபவருக்கு மலைநாட்டுப் பக்கங்கள் பெரிய ஏமாற்றத்தைத் தரும். பட்டினங்களில் தச்சர், தட்டார், வண்டிக்காரர், சலவைக்காரர் என்று வரி வரியாகப் பிரித்து எழுதியவர்கள், தோட்டம் என்று வந்ததும் லட்சக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் ‘தோட்டக் கூலி’ என்ற ஒற்றை வரியில் அடக்கிவிட்டார்கள். அந்த வரிக்குள் காடு அழித்தவர், கான் (வடிகால்) வெட்டியவர், கவ்வாத்து (செடியின் கிளை) வெட்டியவர், கொழுந்து எடுத்தவர், ஸ்டோரில் (தொழிற்சாலையில்) தூள் அரித்தவர், பிள்ளை பார்த்த கிழவி எல்லோரும் கிடக்கிறார்கள். அவர்களைப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் அட்டவணை போதாது. தோட்டத்தில் வேலை எப்படிப் பங்கிடப்பட்டது, அந்தப் பங்கீட்டால் யாருக்கு ஆதாயம் என்பது தெரிய வேண்டும்.

முதலில் கணக்கெடுத்த முறையைப் பார்ப்போம். இலங்கை முழுவதற்குமான முதல் குடிசன மதிப்பீடு 1871-இல் நடந்தது. பிறகு 1881, 1891, 1901, 1911, 1921 எனப் பத்தாண்டுக்கு ஒன்று. தோட்டங்களுக்குள் கணக்கெடுக்கும் பொறுப்பு தோட்டத் துரையிடமே, அதாவது தோட்ட நிர்வாகியிடமே விடப்பட்டது. அவர் கையில் தயாராக இருந்த ஆதாரம் செக்றோல், அதாவது தினமும் யார் வேலைக்கு வந்தார் என்று பேர் போடும் பதிவேடு. அதில் பேர் விழுகிறவர் உழைப்பாளி, விழாதவர் பிறர் உழைப்பில் வாழ்பவர். தொழில் பற்றிய புள்ளிவிவரம் என்று நாம் வாசிப்பது பெரும்பாலும் இந்தச் செக்றோலின் நிழல்தான்.

கணக்கெடுத்த மாதத்தையும் கவனிக்க வேண்டும். 1871-இல் மார்ச்சிலும் 1881-இல் பெப்ரவரியிலும் எண்ணினார்கள். அது கோப்பிப் (காபி) பயிரின் காலம். கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் முடிந்து, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும் பகுதியினர் கையில் கிடைத்ததோடு ஊருக்குத் திரும்பியிருக்கும் மாதங்கள் அவை. ஆகவே அந்த இரண்டு கணக்குகளும் காட்டுவது அறுவடைக்கால மலையகத்தை அல்ல, ஆள் வடிந்த மலையகத்தை. இன்னொன்று: இந்தியத் தமிழரையும் இலங்கைத் தமிழரையும் தனித்தனியாகக் காட்டியது 1911-இல்தான். அதற்கு முன் ‘தமிழர்’ என்ற தலைப்பில், புதுக்கோட்டையிலிருந்து வந்த கொழுந்துக்காரியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளாக்கரும் ஒன்றாகவே இருப்பார்கள். 1931-இல் பொருளாதார மந்தத்தால் செலவைக் குறைத்து, பெரும்பாலான இடங்களில் தலைகளை மட்டும் எண்ணினார்கள். தொழில் விவரம் தேடுபவர் 1921-இலிருந்து 1946-க்குத் தாவ வேண்டியிருப்பது இதனால்தான்.

கோப்பிக் காலம்: ஆண்களின் மலை

1820-களில் கம்பளைப் பக்கத்தில் தொடங்கிய கோப்பித் தோட்டங்கள் 1840-களில் கண்டி, மாத்தளை மலைகளெங்கும் பரவின. காட்டை வெட்டிச் சாய்த்த வேலையில் பெரும் பங்கு பக்கத்துக் கிராமங்களின் சிங்களவர்களுடையது. அவர்கள் கோடரி வேலையைக் கொந்தராத்தாக (ஒப்பந்தமாக) எடுத்தார்கள், நாட்கூலிக்குத் தோட்டத்தில் நிற்க மறுத்தார்கள். சொந்த வயலும் சேனையும் (காடு வெட்டி எரித்துப் பயிரிடும் நிலமும்) இருந்தவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. வெட்டும் முறை நுட்பமானது. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி மரங்களைப் பாதி வரை மட்டும் வெட்டி நிற்க விடுவார்கள். கடைசியில் உச்சியில் உள்ள பெரிய மரத்தை முழுதாக வெட்டிச் சாய்த்தால், அது கீழே உள்ளதை இடித்து, அந்த மரம் அடுத்ததை இடித்து, ஒரு மலைப்பக்கம் முழுவதும் ஒரே இரைச்சலில் சரியும். பாதி வெட்டிய நிலையில் காற்று எழுந்தால் ஆள் தப்புவது கடினம். பிறகு சில வாரங்கள் காயவிட்டு நெருப்பு வைப்பார்கள்.

எரிந்த மண்ணில் தமிழர் வேலை தொடங்கும். கயிறு பிடித்து முளை அடித்து, ஆறடிக்கு ஆறடி வரிசை போட்டால் ஏக்கருக்கு 1,210 குழி. ஒவ்வொரு குழியும் ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம். வேரும் கல்லும் நிறைந்த மலை மண்ணில் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டு செய்த இந்த வேலை ஆண்களுக்கே ஒதுக்கப்பட்டது. பெண்கள் மிகக் குறைவாகவே வந்த காலம் அது. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து வர வேண்டும். வழியில் தண்ணீர் கிடையாது, வாந்திபேதியும் காய்ச்சலும் உண்டு. சில மாத வேலைக்கு அந்தப் பாதையில் குடும்பத்தைக் கூட்டி வருவோர் சொற்பம்.

வந்த பெண்களும் பிள்ளைகளும் களை பிடுங்கினார்கள், பழம் பறித்தார்கள். பறித்த பழத்தை அன்றே தோலுரிக்க வேண்டும். குவித்து வைத்தால் உள்ளே சூடேறி, கொட்டை நிறம் மாறிவிடும். தோலுரிக்கும் இயந்திரத்தைச் சுற்றியதும், தொட்டியில் ஊறிய கொட்டையைக் கழுவியதும் ஆண்கள். காயும் களத்தில் கிளறி, மழை வந்தால் அள்ளிக் கூட்டியதில் பெண்களும் நின்றார்கள். காய்ந்த கோப்பியைக் கீழே கொண்டுபோனவை பெரும்பாலும் சிங்களவரின் மாட்டு வண்டிகள். கொழும்பில் கொட்டையைத் தரம் பார்த்துப் பொறுக்கிய வேலை அநேகமாக முழுதும் பெண்களுடையது. மலையில் ஆண் பயிராகத் தொடங்கிய கோப்பி, துறைமுகத்துக்கு வரும்போது பெண் கைகளுக்கு மாறியிருந்தது.

தேயிலை எதை மாற்றியது?

1869-இல் மடுல்சீமைப் பக்கம் முதலில் தெரிந்த கோப்பி இலைநோய் இருபது ஆண்டுக்குள் கோப்பியைத் துடைத்தெறிந்தது. இடையில் சிங்கோனா (கொயினா மருந்துப் பட்டை தரும் மரம்) வந்து போனது. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் போட்ட தேயிலை அடுத்த தலைமுறையின் பயிரானது. இதோடு வேலையின் கணக்கே மாறிற்று. கோப்பிக்கு ஆண்டில் ஒரு பெரிய அறுவடை. தேயிலைக்கோ பன்னிரண்டு மாதமும் கொழுந்து, ஏழு முதல் பத்து நாளுக்கு ஒரு தடவை அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். நாலடிக்கு நாலடி நட்டால் ஏக்கருக்கு 2,722 செடி, நாலடிக்கு மூன்றடியானால் 3,630. ஏக்கருக்கு ஏறக்குறைய ஓர் ஆள் வேண்டும் என்று தோட்டக்காரர் கணக்குப் போட்டார்கள். பருவத்துக்கு வந்து போகிறவர்களை வைத்து இதை ஓட்ட முடியாது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருக்கும் குடும்பம் வேண்டும்.

குடும்பத்தை மலைக்குக் கொண்டுவந்தவர் கங்காணி. திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பக்கங்களில் தன் உறவிலும் சாதியிலும் ஆள் பிடித்து, முன்பணம் கொடுத்து, வழிச்செலவைக் கணக்கில் எழுதிக் கூட்டி வந்தார். பெரிய கங்காணிக்குத் தன் ஆட்களில் வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் நாளொன்றுக்குச் சில சதம் தலைக்காசு கிடைத்தது. அவருக்குக் கீழே இருபது முப்பது பேரை வைத்திருந்த சில்லறைக் கங்காணிக்கும் அதேபோன்ற ஒரு வரும்படி இருந்தது. ஆணின் தலைக்கும் பெண்ணின் தலைக்கும் தலைக்காசில் பேதம் இல்லை. பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆன பெண்ணையும் காய்ச்சலில் கிடந்தவளையும் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் எடுக்கும் அணிவகுப்புக்கு, விரட்டியதன் பின்னே இருந்த கணக்கு இது. பெண்களின் சம்பளம் குறைவு, அவர்களால் வரும் தலைக்காசு குறையவில்லை. மலையகத்தில் பெண்கள் ஏன் அத்தனை பேர் ‘தொழிலாளர்’ என்று பதிவானார்கள் என்று கேட்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

கடன் குடும்பத்தின் மேல் இருந்தது. அதனால் மனைவியின் உழைப்பும் பிள்ளையின் உழைப்பும் அந்தக் கடனுக்கே ஈடாயின. கங்காணி வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், இந்தத் தொகையைக் கட்டினால் இவரையும் இவர் ஆட்களையும் விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதித்தரும் ‘துண்டு’ ஒன்றைக் கொண்டுபோவார். அந்தத் துண்டு முறை 1921-இல்தான் சட்டத்தால் ஒழிந்தது.

பெரட்டு, மலை, தராசு

விடியுமுன் தப்புப் பறையின் சத்தம் கேட்கும். ஆறு மணியளவில் பெரட்டுக்களத்தில் கங்காணிவாரியாக நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் எடுப்பார், துரையோ சின்னத்துரையோ வேலை பிரிப்பார். பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் இன்ன நம்பர் மலைக்குக் கொழுந்துக்கு. ஆண்களில் இத்தனை பேர் கவ்வாத்துக்கு, இத்தனை பேர் கான் வெட்டுக்கு, இத்தனை பேர் முள்ளுக் குத்த (முள்ளால் மண்ணைக் கிளற), சிலர் ஸ்டோருக்கு. கொழுந்து மலிந்து கிடக்கும் மாதங்களில் ஆண்களும் கூடை கட்டுவார்கள். அப்படிக் கட்டுவது ஒருவருக்கும் அவமானமாக இருந்ததில்லை. ஆனாலும் ஆண்டு முழுதும் கொழுந்து மலையில் நின்றது பெண்தான்.

கொழுந்து எடுப்பது எளிய வேலை, பெண்களின் மெல்லிய விரல்களுக்கு ஏற்றது என்று தோட்டக்காரர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். மலையில் நின்று பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. அரும்பும் இரண்டு இலையும் கொண்ட கொழுந்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து ஒடிக்க வேண்டும், உருவி எடுக்கக்கூடாது. இரண்டு கையும் ஒரே வேகத்தில் போக வேண்டும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் தொங்கும் கூடைக்குள் போட வேண்டும். ஆசைப்பட்டுக் கையில் அதிகம் சேர்த்து இறுக்கினால் இலை நசுங்கிச் சூடேறிச் சிவந்துவிடும். ஸ்டோரில் அந்த இலை நல்ல தூளாகாது, வசவு கங்காணி வழியாக வந்து சேரும். செடியின் மேல் மட்டக்கம்பை வைத்து, அதற்கு மேலே எழுந்ததை மட்டும் எடுக்க வேண்டும். கீழே இறங்கி ஒடித்தால் அன்றைக்கு நிறை கூடும், அடுத்த தடவைகளில் செடி சோர்ந்துவிடும். ஒடிக்க வேண்டியதை விட்டுவிட்டால் கரட்டை இலையாக முற்றும், அடுத்த தடவை அதையும் ஒடித்து எறிவதிலேயே நேரம் போகும். நூற்றுக்கணக்கான செடியில், செங்குத்துச் சரிவில், மழையில் கம்பளியைத் தலையில் போட்டு, இடுப்பில் படங்கு (முரட்டுத் துணி) கட்டி, அட்டை ஏறிய காலோடு இத்தனை முடிவையும் நொடிக்கு நொடி எடுத்தவளைத் தொழிற்பட்டியல் பயிற்சியற்றவள் என்று எழுதிற்று.

கொழுந்தை நாளுக்கு மூன்று தடவை நிறுத்தார்கள்: காலை, மதியம், மாலை. கணக்கப்பிள்ளை தராசில் கூடையைத் தொங்கவிட்டு இறாத்தலை (பவுண்டு நிறையை) உரக்கச் சொல்வார். கூடையின் எடை கழியும், மழை நாளில் ஈரத்துக்கும் கழியும். முழு இறாத்தலை மட்டும் எழுதினால் அரையும் காலும் விட்டுப்போகும். ஒரு நிறுவையில் முக்கால் இறாத்தல் போனால் மூன்று நிறுவையில் இரண்டே கால் இறாத்தல் போயிற்று. அன்றைக்குக் குறித்த அளவு வந்தால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பேர். எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு பெண்ணுக்கு இந்த இரண்டு இறாத்தல் பாதி நாள் சம்பளத்துக்குச் சமம். ஏறக்குறைய நாலரை இறாத்தல் பச்சைக் கொழுந்துதான் ஒரு இறாத்தல் தூளாகும். விடுபட்ட கொழுந்து ஸ்டோரில் தூளாகத்தான் செய்தது, பேர் எழுதும் பக்கத்தில் மட்டும் காணாமற்போயிற்று.

ஆண்களுக்கு நாள் வேறு விதமாக அளக்கப்பட்டது. கவ்வாத்துக்கு இத்தனை செடி, கான் வெட்டுக்கு இத்தனை நீளம், குழிக்கு இத்தனை எண்ணிக்கை. முடித்தால் முழுப்பேர். வலுவும் கைப்பழக்கமும் உள்ளவர் மதியத்துக்குள் முடித்துவிட்டு லயத்துக்குத் திரும்பி, சொந்தத் தோட்டத்தைக் கொத்தலாம், மாடு பார்க்கலாம். கொழுந்துக்காரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. கொழுந்து மாலை வரை இருக்கிறது, அதனால் அவளும் மாலை வரை இருக்க வேண்டும். ஒரே ‘பேர்’ என்றாலும் அதற்குள் இருந்த மணித்தியாலங்கள் ஒன்றல்ல.

கவ்வாத்து ஆண் வேலையாக இருந்ததற்குக் கத்தியின் கனமும் வேலையின் கடுமையும் காரணமாகச் சொல்லப்பட்டன. கவ்வாத்துக் கத்தியால் தடித்த கிளையை ஒரே வீச்சில், சாய்வாக, வழவழப்பாக வெட்ட வேண்டும். பிளந்தால் மழைத்தண்ணீர் தங்கி, கட்டை மேலிருந்து உள்நோக்கிக் காய்ந்து உளுத்துப் போகும். பனியும் வறட்சியும் உள்ள நாட்களில் வெட்டினால் செடி துளிர்க்காமலே சாகும். உயரமான தோட்டங்களில் கவ்வாத்துக்குப் பிறகு கட்டைகளில் ஏறிய பாசியைச் சுரண்ட வேண்டும். அது பெண்களிடமும் பிள்ளைகளிடமும் வந்தது. ஒரே செடியில் கத்தி பிடித்தவருக்கு ஒரு கூலி, பாசி சுரண்டியவளுக்கு இன்னொன்று.

ஸ்டோருக்குள்

கோப்பிக் காலத்துச் சொல் நிலைத்து, தேயிலைத் தொழிற்சாலையும் ஸ்டோர் ஆனது. டெய்லர் தொடக்கத்தில் தன் பங்களாத் திண்ணையில் மேசை போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அழுத்திக் கொழுந்தைக் கையால் உருட்ட வைத்தார். 1872-இல் அவர் உருட்டும் இயந்திரம் அமைத்தார். பிறகு எல்லா இடத்திலும் இயந்திரம் வந்தது. கொழுந்து மாடியில் 12 முதல் 18 மணித்தியாலம் வாடும். நேற்று மாலை விரித்தது இன்று விடியுமுன்னே அரைக்கத் தயாராகிவிடும். காத்திருந்தால் கெடும். இப்படி ஸ்டோரின் நாள் இருட்டிலேயே தொடங்கியதால் அரைப்பதும் அடுப்பில் காய வைப்பதும் ஆண்கள் வசமாயின. பகல் வெளிச்சத்தில் செய்யும் அரிப்பும் காம்பு பொறுக்குவதும் பெண்களிடம் போயின. தூளில் கிடக்கும் சிவந்த காம்பை ஒவ்வொன்றாக எடுக்கும் வேலை அது. கண்ணும் முதுகும்தான் முதலில் தேயும், தூசி நெஞ்சில் இறங்கும். தூள் தயாரிப்பை மேற்பார்த்த டீமேக்கர் பதவிக்கு அந்தக் காலத்தில் பெண் வந்ததில்லை. கங்காணியாகவும் பெண்ணை வைக்கவில்லை. கொழுந்து மலையில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள், பின்னால் நின்று அதட்டியவர் மட்டும் ஆண்.

வேறு வரிகளில் நிற்பவர்கள்

தோட்டத்தில் வாழ்ந்தும் ‘கூலி’ வரிக்கு வெளியே நின்றவர்கள் உண்டு. கண்டாக்கு (வெளிவேலை மேற்பார்வையாளர்), கிளாக்கர், மருந்து கொடுப்பவர் ஆகிய பதவிகளில் யாழ்ப்பாணத்தவரும் பறங்கியரும் (ஐரோப்பிய வழிவந்த கலப்பினத்தவரும்) சிங்களவரும் இருந்தார்கள். தச்சு, மேசன் வேலைகளுக்குக் கரையோரச் சிங்கள பாஸ்மார் (கைவினைஞர்) வந்தார்கள். கடைத்தெருவில் முஸ்லிம் வியாபாரிகள் இருந்தார்கள், கடன் கொடுக்கச் செட்டியார்கள் இருந்தார்கள். நாவிதரும் வண்ணாரும் சாதித் தொழிலாக லயத்துக்கு வேலை செய்தார்கள், கூடவே பலர் செக்றோலிலும் பேர் போட்டார்கள். அவர்களை எந்த வரியில் எழுதுவது என்பது எழுதியவரின் விருப்பம். பங்களாவில் அப்பு (தலைமை வேலைக்காரர்), சமையல்காரர், தோட்டக்காரர், குதிரைக்காரர், பிள்ளை பார்க்கும் ஆயா. பட்டினத்திலிருந்து இறைச்சியும் பாணும் பெட்டியில் வைத்துத் தலையில் சுமந்து மைல் கணக்கில் மலையேறியவரும், தபால் பையோடு தினமும் நடந்தவரும் செக்றோலில் சாதாரணப் பேர்தான்.

பிள்ளைகளின் வேலை தனி அத்தியாயம். களை பிடுங்கினார்கள், தாயின் நிரையில் நின்று கொழுந்து எடுத்தார்கள், தேயிலைப் புழுவின் முட்டைத் தட்டுகளைத் தேடிப் பொறுக்கி எண்ணிக் கொடுத்துக் காசு வாங்கினார்கள். 1927-ஆம் ஆண்டுச் சட்டம் 10 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு எடுக்கக்கூடாது என்றது. பிறப்புச் சான்று இல்லாத லயத்தில் பத்து வயதை யார் அளப்பது? பார்வையாலே முடிவு செய்தார்கள்.

கைக்குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் ஒரு வயதான பெண்ணின் பொறுப்பில் கிடந்தன. அவளுக்கு ஒரு பேர் விழுந்தது. அதே வேலையைக் காலையிலும் இரவிலும் தன் வீட்டில் செய்த தாய்க்கு விழவில்லை. நாலு மணிக்கு எழுந்து ரொட்டி தட்டி, பீலியில் தண்ணீர் பிடித்து, பிள்ளையைக் காம்பராவில் விட்டு, ஆறு மணிக்குப் பெரட்டில் நின்று, மாலை நிறுவை முடிந்து விறகோடு லயத்துக்கு வந்து அடுப்பு மூட்டினாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் ஒரு குடும்பத்தை மறுநாள் பெரட்டுக்குத் தயாராக்கிய இந்த உழைப்பு இல்லாமல் ஒரு தோட்டமும் ஓடியிருக்காது. எந்தக் குடிசன மதிப்பீட்டிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை. வேலையிலிருந்து நின்ற முதிய பெண்ணைத் தங்கிவாழ்பவள் என்று எழுதிய அட்டவணையை வாசிக்கும்போது, அவள் வீட்டில் எத்தனை பேருக்குச் சமைத்தாள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கையில் வந்த காசு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆணுக்கு நாட்கூலி 33 சதம் அளவில் நெடுங்காலம் நின்றது. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. 1889-ஆம் ஆண்டுச் சட்டம் மாதச் சம்பளத்தை மாதம் முடிந்து 60 நாளுக்குள் கொடுக்கலாம் என்றது. அந்த இரண்டு மாத இடைவெளியில் அரிசியும் கம்பளியும் கடனாக வந்து பற்றில் ஏறின.

1927-இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி உயர்ந்த மலைப்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. இடைப்பகுதியில் 52, 41, 31. தாழ்நிலத்தில் 50, 40, 30. மூன்று பகுதியிலும் பெண்ணுக்கு ஆணின் சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். மாதம் 24 பேர் போட்டால் மலைப்பகுதியில் ஆணுக்கு 12 ரூபா 96 சதம், பெண்ணுக்கு 10 ரூபா 32 சதம். அதுவரை வழக்கமாக நடந்துவந்த பேதத்தைச் சட்டம் அட்டவணையாக்கி உறுதிப்படுத்தியது. காலையிலிருந்து மாலை வரை மலையில் நின்றவளுக்குக் குறைவு என்பதற்கு உடல்வலுவைத் தவிர வேறு காரணம் சொல்லப்படவில்லை. கூடையோடு சரிவில் ஏறி இறங்கிய வலு கணக்கில் வரவில்லை.

அந்தக் குறைந்த தொகையும் அவள் கையில் சேர்ந்ததா என்பது இன்னொரு கேள்வி. சம்பள நாளில் மனைவியின் காசைக் கணவனும், மணமாகாத மகளின் காசைத் தகப்பனும் வாங்குவது வழக்கமாக இருந்தது. அதற்கு முந்திய காலத்தில் கங்காணியே எல்லோருக்கும் சேர்த்து வாங்கி, கடனைக் கழித்து மீதியைக் கொடுத்தார். ஆகவே தொழிற்பட்டியலில் ‘சம்பாதிப்பவர்’ என்று பெண் பேருக்கு எதிரே எழுதியிருப்பதை, அவள் சம்பாதித்தாள் என்று மட்டும் வாசிக்கலாம். அவள் செலவழித்தாள் என்று வாசிக்க இடமில்லை. தேயிலை மலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984-இல்தான் வந்தது. அதற்குள் காலனித்துவ ஆட்சி போய் 36 ஆண்டு ஆகியிருந்தது.